ஹீற்றர் தட்டிய இடம்

சென்னைக்குப் பாட்டு அனுப்புவது எப்படி என்று இரண்டு பக்கத்தில் எழுதித் தாருங்கள் அங்கிள் என்று கேட்டீர்கள், பிள்ளைகளே. இரண்டு பக்கம் நிரப்பும் அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தால் நான் எப்போதோ பெரிய ஆளாகியிருப்பேன். தெரிந்தது கொஞ்சம், பயந்தது நிறைய. ஆகவே பயத்தைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் கைதேர்ந்தவன்.

எந்த மைக் நல்லது, எந்த மென்பொருள் நல்லது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஒரு முழு வாத்தியக் குழுவைக் கைப்பேசிக்குள் வைத்துக்கொண்டு மொன்றியல் மெற்றோவில் போகிறீர்கள். நான் தொடங்கியபோது என்னிடம் இருந்தவை ஒரு கீபோர்ட், ஒரு மைக், ஒரு மஞ்சள் பள்ளிக்கூட பஸ். பஸ் என்னுடையதல்ல, ஓட்டுவது மட்டும்தான் நான். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பின்னேரம் வரை அது காலி. என் மெட்டுகளில் பாதி அந்தக் காலி இருக்கைகளுக்குத்தான் முதலில் பாடிக் காட்டப்பட்டன. ஒரு இருக்கைகூட இடையில் எழுந்து போனதில்லை. அப்படியொரு சபை எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

பாட்டு அனுப்புவதை இப்போது விட்டுவிட்டேன். பஸ்ஸை விடவில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் உங்கள் பாட்டைக் கேட்பவர் இசையமைப்பாளர் அல்ல, அவருடைய உதவியாளர். நாள் முழுவதும் ஸ்டூடியோவில் நின்று களைத்து, தேநீர் ஆறுவதற்குள் உங்கள் பாட்டைக் கேட்டு முடித்துவிட நினைக்கும் ஒரு பாவப்பட்ட மனிதர். அவருக்குப் பிடித்தால்தான் அது மேலே போகும். என் காலத்தில் அப்படி ஒருவர் இருந்தார். பொறுமைசாலி. என்னோடு பேசிப் பேசியே அவருக்கு அந்தப் பொறுமை வந்திருக்கும்.

அவர் முதன்முதலாக எடுத்த அழைப்பு, நான் பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. அங்கே நள்ளிரவு தாண்டிவிட்ட நேரம், வீட்டுக்குப் போகும் அவசரம் அவருக்கு. நான் அனுப்பியிருந்ததில் இரண்டாவது மெட்டை ஒரு தடவை பாடிக் காட்டச் சொன்னார். மறுத்தால் வாய்ப்புப் போய்விடும் என்று நான் பயந்துபோய், வழக்கமான சுருதியைவிட இரண்டு படி மேலே தொடங்கிவிட்டேன். பல்லவி எப்படியோ கடந்தது. சரணத்தில் குரல் பஸ்ஸின் கூரையில் போய் முட்டியது. முன் இருக்கையில் ஏறிய சின்னப் பெண் ஒருத்தி என் முழங்கையைத் தொட்டு, எங்கே நோகிறது என்று பிரெஞ்சில் கேட்டாள். பிறகு உதவியாளர் சொன்னார்: “ட்யூன் நல்லாருக்கு சார். வேற யாராவது பாடுனா அனுப்புங்க.”

அந்த வேறு யாராவதுதான் ஜெசிந்தா.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டபோது, எழுதலாம், ஆனால் பெயரை முழுதாக எழுத வேண்டும் என்றாள். மரிய ஜெசிந்தா. மன்னார்க்காரி. உங்களில் சிலர் ஜெசி அன்ரி என்று சொல்வீர்கள். எனக்கு அவள் தங்கச்சி முறை, ஆகவே ‘அவள்’ என்றுதான் எழுதவருகிறது. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரவு வேலை. நோயாளிகளைத் தூக்கி, திருப்பி, சக்கர நாற்காலியில் இருத்தித் தள்ளும் வேலை. என் வீடு அங்கிருந்து நடந்து வரும் தூரம். நான் பஸ்ஸை நிறுத்திவிட்டு வரும் நேரமும் அவள் வேலை முடிந்து வரும் நேரமும் ஒன்றாக இருந்தன. மனைவி கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்துக்குப் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போயிருப்பாள். மேல் வீட்டுக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் வேலைக்குப் போயிருப்பார்கள். எங்கள் ஸ்டூடியோ திறக்கும் நேரம் அது.

ஸ்டூடியோ என்றது கோட் மாட்டும் அலுமாரி. குளிருக்குப் போடும் தடித்த கோட்டுகள் நெருக்கமாகத் தொங்கும் இடத்தில் குரல் எதிரொலிக்காது. ஜெசிந்தா கோட்டுகளுக்கு நடுவே நுழைந்து நிற்பாள், நான் கதவைச் சாத்துவேன். உள்ளேயிருந்து கை ஒன்று வெளியே வந்து கட்டைவிரலைக் காட்டினால் தயார் என்று அர்த்தம். கோடையிலும் நான் அந்தக் கோட்டுகளை எடுத்துவைக்க விடவில்லை. ஆடி மாதத்தில் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கு என் மனைவி இதற்கு விளக்கம் சொல்லிச் சொல்லியே என் கலைவாழ்க்கையை வெறுத்தாள்.

நாங்கள் செய்தது ட்ராக் பாடுவது. புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: சென்னையில் ஒரு பாட்டை முதலில் ஒருவர் பாடி வைப்பார். பேர்பெற்ற பாடகி வந்து, அதைக் காதில் போட்டுக் கேட்டு, படித்து, அதன்மேல் தன் குரலில் பாடுவார். பிறகு முதல் குரலை அழித்துவிடுவார்கள். அதனால் ட்ராக் பாடுகிறவர், யார் பாடப் போகிறாரோ அவரைப் போலவே பாடிக் காட்டினால் வாங்குகிறவருக்குக் கற்பனை செய்வது லேசு. ஜெசிந்தா யாரைப் போலவும் பாடுவாள். நான் ஒரு பாடகியின் பெயரைச் சொல்வேன், அலுமாரிக்குள் இருந்து அந்தப் பாடகி வருவார். இதனால் அவளுடைய சொந்தக் குரல் எது என்று எனக்கே வெகுகாலம் தெரியாது.

ஒருநாள் குசினியில் தேநீர் குடிக்கும்போது அவளாகவே சொன்னாள்.

“அண்ணை, ரேடியோவில பாட்டு முடிய, பாடினது ஆர் எண்டு சொல்லுவினமெல்லோ. அதில ஒருக்கா என்ர பேர் வரவேணும். ஒருக்கா வந்தாக் காணும்.”

நான் வழக்கம்போலப் பகிடி விட்டேன். ஆஸ்பத்திரி ஒலிபெருக்கியில் அடிக்கடி உன் பெயரைக் கூப்பிடுகிறார்களே, அது போதாதா என்றேன். அவள் சிரிக்கவில்லை, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுத்த நல்ல பாட்டு உன் குரலோடுதான் போகும், குரலை அழிப்பதென்றால் பாட்டைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதுவரை என் பாட்டு ஒன்றைக்கூட யாரும் கேட்டு வாங்கியதில்லை. இல்லாத பாட்டை வைத்து வாக்குக் கொடுப்பது லேசாகத்தான் இருந்தது.

அந்தப் பாட்டு அடுத்த குளிர்காலம் வந்தது. அதன் நடு வரி இது:

வருவாய் என்று சொல்லமாட்டேன்
கதவை மட்டும் சாத்தமாட்டேன்

சாத்திய அலுமாரிக்குள் நின்று அவள் இதைப் பாடினாள். அன்றைக்கு எந்தப் பாடகியின் பெயரையும் நான் சொல்லவில்லை. இரவெல்லாம் ஆள் பற்றாக்குறை, தனியாகவே தூக்கி இறக்கினேன் என்றாள். யாரைப் போலவும் பாடுகிற தெம்பு அவளிடம் இல்லை. அதனால் வேறு வழியில்லாமல் தன்னைப் போலப் பாடினாள். நான் வெளியே ஹெட்போனோடு தரையில் இருந்தேன். அலுமாரிக்குள் இருந்து முதல் தடவையாக எனக்குத் தெரியாத ஒருத்தி பாடினாள்.

எங்கள் கட்டடம் பழையது. ஹீற்றர் இரும்புக் குழாய்களில் ஓடுகிறது. சூட்டை எப்போது போடுவது என்பது வீட்டுக்காரர் கையில், போட்ட சூடு எப்போது சத்தம் போடும் என்பது ஒருவர் கையிலும் இல்லை. முதல் வரியை அவள் முடித்து இரண்டாவது வரிக்கு மூச்செடுக்கும் நேரம் குழாய் ‘டொங்’ என்று தட்டியது. அவள் பாட்டை விடவில்லை. எடுத்த மூச்சை அப்படியே பிடித்து, அரை நொடி பொறுத்து, ‘கதவை’ என்று தொடங்கினாள். முழுப்பாட்டையும் பாடி முடித்து வெளியே வந்தாள். தலைமுடியெல்லாம் கோட்டின் உரோமம்.

இன்னொரு தடவை பாடுவோம், குழாய் கெடுத்துவிட்டது என்றேன்.

“கண் மூடுது அண்ணை. பேந்து பாடுவம்,” என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

‘பேந்து’ என்ற அந்தப் பிறகு வரவில்லை. நான் கணினியில் ‘டொங்’கை மட்டும் வெட்டி எறிந்தேன். வெட்டிய இடத்தில் ஒரு வெறுமை இருந்தது. அதை இழுத்து மூடிப் பார்த்தேன், வரி நொண்டியது. பழையபடி திறந்து விட்டேன், நடந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

மாதங்கள் போயின. பிறகு உதவியாளரிடமிருந்து செய்தி வந்தது. ஒரு படத்துக்கு அந்தப் பாட்டைக் கேட்கிறார்கள், நாளைக்கு உங்கள் காலை நேரத்தில் கூப்பிடுகிறேன் என்று. நான் ஜெசிந்தாவையும் வரச் சொன்னேன். மெற்றோவிலும் பஸ்ஸிலும் என் வீர உரையைப் பாடமாக்கினேன். “இந்தப் பாட்டும் இந்தக் குரலும் பிரிக்க முடியாதவை” என்று அது தொடங்கும். காலி இருக்கைகள் அசையாமல் கேட்டன.

காலையில் அவள் ஆஸ்பத்திரி உடையோடு வந்து குசினி மேசையில் இருந்தாள். தொலைபேசி அடித்தது. நான் அதை மேசையில் வைத்து, இருவருக்கும் கேட்கும்படி விட்டேன். உதவியாளர் சந்தோஷமாக இருந்தார். டைரக்டருக்குப் பிடித்துவிட்டது, ‘குளிர்’ என்று வருகிற இடத்தை ‘மழை’ என்று மாற்ற வேண்டும், சென்னையில் குளிர் என்றால் யாரும் நம்பமாட்டார்கள் என்றார். மாற்றுங்கள், வெயில் என்றாலும் எனக்குச் சம்மதம் என்றேன். பிறகு பாடப்போகிறவரின் பெயரைச் சொன்னார். பெரிய பெயர். உங்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர்.

நான் உரையைத் தொடங்கினேன். இரண்டாவது வசனம் மறந்துபோனது. மூன்றாவதை முதலில் சொன்னேன். இடையில் எங்கேயோ ‘மெர்சி’ என்று வந்தது, யாருக்கு நன்றி சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன்: குரலை மாற்றுவதென்றால் பாட்டு இல்லை.

அந்தப் பக்கம் கதிரையைத் தள்ளி எழும் சத்தம்.

“சார், அப்ப வேணாம் சார்,” என்றார் உதவியாளர். கோபமில்லை, கவலைதான் இருந்தது. “அவங்க கால்ஷீட் வாங்கியாச்சு. வேற ட்யூன் ரெடியா இருக்கு. நான் உள்ள சொல்லிடறேன்.”

பிள்ளைகளே, பயத்தில் மனிதன் என்னென்ன செய்வான் என்பதற்கு நான் சாட்சி. தேநீரைக் கோப்பையில் ஊற்றுவதாக நினைத்துச் சீனி டப்பாவில் ஊற்றிக்கொண்டிருந்தேன். இவ்வளவு வருடம் காத்திருந்து வந்த ஒரே பாட்டு. வாக்கைக் காப்பாற்றினால் பாட்டுப் போகும். பாட்டைக் காப்பாற்றினால், எதிரில் இருப்பவளின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? “ஒரு நிமிஷம் சேர், ஒரு நிமிஷம்” என்று மட்டும் வாய் திரும்பத் திரும்பச் சொன்னது. அந்த நிமிடத்தில் செய்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஜெசிந்தா தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள்.

“தம்பி, நான்தான் அதைப் பாடினது. பாட்டை எடுங்கோ. அண்ணை ஒண்டும் சொல்லமாட்டார்.”

“மேடம், ரொம்ப தேங்க்ஸ் மேடம். நீங்க நல்லா பாடியிருக்கீங்க, ஆனா...”

“எனக்குத் தெரியும். ஒண்டு மட்டும் கேக்கிறன். அங்க வேற ஆரையும் கொண்டு திருப்பி ட்ராக் பாடவைக்கவேண்டாம். பாடப்போற அந்தப் பிள்ளைக்கு நான் பாடினதையே கேக்கக் குடுங்கோ.”

“அவ்ளோதானா மேடம்? அதையே குடுத்துடறேன்.”

அழைப்பு முடிந்தது. மேசையெல்லாம் தேநீர். அவள் துணியை எடுத்துத் துடைத்தாள். ஏன் அப்படிக் கேட்டாய் என்றேன்.

“அவ கேக்கட்டும்,” என்றாள். “ஒராளாவது என்னை வடிவாக் கேக்கட்டும்.”

பஸ் வந்துவிடும் என்று கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். அலுமாரியில் அது தொங்கிய ஹாங்கர் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

நான் அந்த உரையைச் சொல்லியிருக்கக்கூடாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், என் மனைவி உட்பட. சொல்லாவிட்டால் அவள் தொலைபேசியை இழுத்திருக்கமாட்டாள் என்று நான் சொல்வேன். எது சரி என்று இப்போதும் தெரியாது. உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். யாரையாவது ட்ராக் பாடக் கூப்பிட்டால், குரல் அழிந்துபோகும் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். கேட்டும் வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

பாட்டு வெளிவரும்போது அவள் மொன்றியலில் இல்லை. கணவருக்கு ரொறன்ரோவில் வேலை கிடைத்துக் குடும்பமாகப் போய்விட்டார்கள். நான் பஸ்ஸைத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு, காலி இருக்கைகளுக்கு நடுவில் போய் இருந்து, முதல் தடவை கேட்டேன். மழை வந்தது, குளிர் இல்லை. நான் நினைத்தே பார்க்காத வயலின்கள் வந்தன. அந்தப் பாடகி அருமையாகப் பாடினார். பொய் சொல்லமாட்டேன், எங்கள் டெமோவைவிட நூறு மடங்கு அழகு.

‘வருவாய் என்று சொல்லமாட்டேன்’ என்றார். பிறகு எடுத்த மூச்சைப் பிடித்தார். அரை நொடி பொறுத்தார். பிறகுதான் ‘கதவை’ என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பஸ்ஸின் கூரையில் தலை முட்டியது. அந்தக் கூரைக்கும் எனக்கும் பழைய பகை.

கோட்-டெ-நெய்ஜில் ஒரு பழைய இரும்புக் குழாய் தட்டியதற்காக ஒருத்தி பொறுத்த அரை நொடியை, சென்னையில் குளிரூட்டிய அறையில் நின்று இன்னொருவர் பொறுக்கிறார். எதற்காகப் பொறுக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கேட்டிருக்கிறார். வடிவாக, ஒரு மூச்சையும் தவறவிடாமல் கேட்டிருக்கிறார்.

அதன் பிறகு இணையத்தில் ஜனங்கள் எழுதியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘கதவை’க்கு முன்னால் அவர் தயங்குகிறாரே, அங்கேதான் அழுதேன் என்று எத்தனை பேர். ஒருவர் அதை விரகத்தின் உச்சம் என்று எழுதியிருந்தார். ஹீற்றருக்கு விரகமா என்று நான் பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். நான் விட்ட பகிடிகளில் வெளியே வராமல் செத்தது அது ஒன்றுதான்.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். தானும் கேட்டுவிட்டதாகச் சொன்னாள். அந்த இடம் என்றேன். “ஹீற்றர்” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். நான் சிரித்து முடித்தபிறகுதான் அந்தப் பக்கம் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது தெரிந்தது.

“ரொறன்ரோ ரேடியோவில போட்டவங்கள் அண்ணை,” என்றாள். “முடிய, பாடினவவின்ர பேர் சொன்னாங்கள். உங்கட பேரையும் சொன்னாங்கள். வடிவாச் சொன்னாங்கள்.”



கடைசியாக, சென்ற இலையுதிர்காலத்தில் எங்கள் தேவாலயப் பங்குத் திருவிழா. செயின்ட்-மிஷேல் மண்டபத்தில் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. வாய் உள்ளவன் என்று எனக்குத்தானே அதைத் தருவார்கள். திருவிழாவுக்காக ரொறன்ரோவிலிருந்து பஸ் எடுத்து வந்த ஜெசிந்தா மூன்றாவது வரிசையில், மடியில் கைப்பையோடு இருந்தாள். அப்போது உங்களில் ஒருத்தி மேடைக்கு வந்தாள். பெயர் எழுதினால் வெட்கப்படுவாள். வீட்டில் பிரெஞ்சுதான் பேசுகிற பிள்ளை. தமிழ் வரிகளைப் பிரெஞ்சு எழுத்தில் கைப்பேசியில் எழுதிவைத்து, அந்தப் பாட்டைப் பாடினாள்.

பல்லவி போனது. நடு வரி வந்தது. ‘வருவாய் என்று சொல்லமாட்டேன்’ என்று முடித்து, அவளும் மூச்சை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். சமையற்கட்டில் தட்டு அடுக்கியவர்கள்கூட நிறுத்தியிருந்தார்கள். நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். ஜெசிந்தாவின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவளும் அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேடையில் ‘கதவை’ என்று வந்தபோதுதான் இருவரும் ஒன்றாக மூச்சை விட்டார்கள்.

கைதட்டு ஓய்ந்ததும், பாடியவர் யார் என்று நான் அறிவிக்க வேண்டும். ஒலிவாங்கியை வாய்க்குக் கொண்டுபோனேன். மூன்றாவது வரிசையில் இருந்தவள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னேன். தெளிவாக, இரண்டு தடவை சொன்னேன்.

பிறகு றோல்ஸ் வைத்திருந்த மேசையருகில் அந்தப் பிள்ளை நின்றாள். ஜெசிந்தாவும் பக்கத்தில் தட்டோடு நின்றாள். கதவுக்கு முன்னால் நிறுத்தினாயே, யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“ஒருத்தரும் சொல்லித் தரேல்ல அங்கிள். அது பாட்டிலயே இருக்குத்தானே.”

சொல்லிவிட்டுத் தோழிகளிடம் ஓடிவிட்டாள். ஜெசிந்தா தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். றோல்ஸைப் பிய்த்தாள், சாப்பிடவில்லை. வெளியே கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மரங்கள் பாதி மொட்டையாகியிருந்தன. ஆட்கள் கோட்டுப் போடத் தொடங்கியிருந்தார்கள்.

“அண்ணை,” என்றாள், “உங்கட வீட்டில ஹீற்றர் போட்டாச்சோ?”

“இன்னும் இல்லை. வீட்டுக்காரன் இந்த முறை பிந்துறான்.”

“போட்டதும் ஒருக்கா சொல்லுங்கோ. பேந்து பாடுவம் எண்டனானெல்லோ,” என்றாள்.